ஒன்று என்பது எந்த விரல்

பியானோ சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள்மேல் எனக்கு நான்கு புகார்கள் உண்டு. மூன்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள். நான்காவது இது: விரல் எண்களைப் போனில் அனுப்பிவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று நம்புகிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் பொம்மனஹள்ளியில் ஒரு சபை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுருதியில் அரைக் கட்டை மேலே மாட்டிக்கொண்டு கத்த வேண்டியதாயிற்று. அந்தக் கதையைச் சொல்கிறேன். நடுவில் போனைப் பார்க்காமல் படியுங்கள்.

காக்ஸ் டவுனில் என் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியதுதான் என் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வேலை முடிந்தபிறகும் எண்ணுவது நிற்காது. கல்யாண மண்டபத்தில் விளக்குகளை எண்ணுவேன். பிரசங்கத்தில் ‘ஆகையால்’ எத்தனை என்று எண்ணுவேன். வியாதி என்று என் மனைவி சொல்கிறாள். தொழில் என்று நான் சொல்கிறேன்.

ஓய்வு பெறப்போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த வருடத்தில்தான் எஸ்தர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ஓசூர் ரோட்டில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூபர்வைசர். பொம்மனஹள்ளியில் தன் சபையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கீபோர்டு வாசிக்கிறவர். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த முறை வாசித்துவிடுவார்.

முதல் நாள் அவரை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய்க் காபியோடு வந்தேன்.

“நல்ல பியானோம்மா. எண்பத்தெட்டு கட்டை,” என்றேன்.

“எண்பத்தேழு சார். மேல கடைசி ஒண்ணு சத்தமே வரல.”

நான் போய் அழுத்திப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை வருடமாக வரவில்லையோ. எண்ணுகிறவர்கள் இரண்டு பேர் ஓர் அறையில் இருந்தால் ஒருவருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். அன்று அது எனக்கு என்று தெரிந்துகொண்டேன்.

அவர் வந்த காரணம் இது. சபைக்கு யாரோ நல்ல மனிதர் ஒரு புதுப் பியானோவைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். துணி போர்த்திப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி செயலாளரிடம். கமிட்டி கூடி, மூன்றாம் கிரேடு பியானோ தேர்வில் தேறியவர்தான் அந்தப் பியானோவில் உட்காரலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. செயலாளரின் மைத்துனர் டேனியல் என்று ஒருவர் இருந்தார், ஐடி வேலை. அவருக்கும் பியானோமேல் ஒரு கண். தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாளை எஸ்தர் பிடித்துவிட்டார், டேனியல் தவறவிட்டுவிட்டார், அதனால் அவரிடம் அப்போது கிரேடு இல்லை. அடுத்த தேர்வை எழுதிவிடுவார், அதுவரைக்கும் பியானோ பூட்டியே இருக்கட்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டாராம்.

“இத்தனை வருஷம் அந்த ஓட்டை கீபோர்டுல வாசிச்சேன் சார். மூணு கட்டை வேலை செய்யாது, மழை பெஞ்சா நாலு. அதுல உக்காரும்போது யாரும் கிரேடு கேக்கல. இப்ப நல்லதா ஒண்ணு வந்ததும் படிச்சவங்க உக்காரட்டும்ங்கறாங்க,” என்றார் எஸ்தர். “இந்தத் தேர்வுல நான் பாஸாகணும். இல்லன்னா அந்தத் துணியப் பாத்துக்கிட்டே கிழவியாயிடுவேன்.”

பாட்டுகள் பற்றி எனக்குக் கவலை இல்லை. தேர்வுக்கான மூன்று இசைத் துண்டுகளையும் அவர் காதால் பிடித்துவிட்டார். அவற்றுக்கு நான் விரல் எண்கூடப் போடவில்லை. எங்கே எது விழவேண்டுமோ அங்கே அவர் கை தானாகப் போய் விழுந்தது. மிச்சம் இருந்தது குரோமாட்டிக் ஸ்கேல்.

உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். ஒரு கட்டையையும் விடாமல், வெள்ளை கறுப்பு என்று பார்க்காமல், பன்னிரண்டையும் வரிசையாக ஏறி இறங்குவது. மெட்டு கிடையாது, அதனால் காதால் பிடிக்க ஒன்றும் இல்லை. விரல் ஒழுங்குதான் எல்லாம். வெள்ளைக்குக் கட்டைவிரல், கறுப்புக்கு நடுவிரல். இரண்டு வெள்ளைகள் இடையில் கறுப்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் ஆள்காட்டி விரல் உதவிக்கு வரும். பியானோக்காரர்கள் கட்டைவிரலை ஒன்று என்று ஆரம்பித்து எண்ணுவதால், வலது கைக்கு அது 1 3 1 3 1 2 3 என்று ஓடும்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் ஏற்றுமதி அவசரம். தினமும் ஓவர்டைம். பொம்மனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுனுக்கு சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வருவதற்குள் ஒரு மனிதர் ஞானியாகிவிடலாம், அல்லது கொலைகாரராகலாம். “வரமுடியல சார், போன்ல அனுப்புங்க,” என்றார். என்னுடைய பழைய ஸ்கேல் புத்தகத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தேன். கூடவே எண்களைத் தட்டி அனுப்பினேன். 1 3 1 3 1 2 3.

மறுநாள் ஒரு ஒலிப்பதிவு வந்தது. போட்டுக் கேட்டேன். டிங் டாங் டிங் டாங் டிங் டிங் டாங். ஏதோ ஐஸ்கிரீம் வண்டி தெருவில் வருவதுபோல இருந்தது.

எனக்கு வெகுநேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நம் ஊரில் பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். வெள்ளைகள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று ஏழுவரை. நடுவிலிருக்கும் கறுப்புகள் ஒன்றரைக் கட்டை, இரண்டரைக் கட்டை. எஸ்தருக்கு அந்தக் கணக்குதான் தெரியும். நான் அனுப்பிய விரல் எண்களை அவர் கட்டை எண்களாக எடுத்துக்கொண்டு, முதல் கட்டை, மூன்றாம் கட்டை, முதல் கட்டை, மூன்றாம் கட்டை என்று வாசித்து அனுப்பியிருக்கிறார்.

போன் செய்தேன். “ஏம்மா, அது கட்டை இல்ல. விரல். விரலோட நம்பர்.”

“ஐயோ! நானும் பாத்தேன், என்னடா இது எல்லா கட்டையும் வாசிக்கணும்னாரு, மூணே கட்டையச் சுத்திச் சுத்தி வருதேன்னு. வெரலா! சரி சரி. அப்ப கட்டைய நான் பாத்துக்கறேன் சார். ஒண்ணு, ஒண்ணர, ரெண்டு, ரெண்டர, மூணு, நாலு. மூணர கெடையாது. அங்கதான அந்த ரெண்டாம் வெரல் வரணும்?”

“அதேதான்!”

“அப்புறம் ஏழரையும் கெடையாது. அங்கயும் ரெண்டாம் வெரல்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஏழர இல்லாத ஒரே எடம் பியானோதான் போல சார்.”

நான் சிரித்தேன். இவ்வளவு தெளிவாக எந்த மாணவரும் அந்த விதியைச் சொன்னதில்லை. கட்டை எண், விரல் எண் குழப்பத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிட்ட பெருமிதத்தில் என் மனைவியிடம் ஒருமுறையும், அண்டை வீட்டுக்காரரிடம் ஒருமுறையும் இதைச் சொன்னேன். ஒரு குழப்பத்தைத் தீர்த்தவனுக்கு இன்னொன்று இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களில் அடுத்த ஒலிப்பதிவு வந்தது. இதைச் சொல்வதற்குமுன் எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பாட நேரத்தில் பியானோ பக்கம் வரவே மாட்டார். சமையலறையில் கட்லெட் பொரித்துக்கொண்டே கேட்பார். குரோமாட்டிக் வாசிக்கும்போது கட்டைவிரல் வந்து விழும் இடமெல்லாம் கொஞ்சம் பலமாகத் தட்டும். எல்லோருக்கும் தட்டும். அந்தச் சத்தம் வந்ததும் எண்ணெய்ச் சத்தத்தையும் மீறி “தம்ப்!” என்று, கட்டைவிரலை இங்கிலீஷில் அதட்டும் ஒரு குரல் கேட்கும். ஒரு பாடத்தில் நாற்பது ‘தம்ப்’ வாங்கிய மாணவன் நான். கட்லெட் ஒன்றும் கிடைக்காது.

எஸ்தரின் ஒலிப்பதிவை அந்த அம்மையாரின் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். வலது கை. ஏறுகிறது, இறங்குகிறது. ‘தம்ப்’ எங்கே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி போட்டேன். ஒரு இடத்திலும் தட்டல் இல்லை. மணி மாலையை இழுத்துவிட்டதுபோல எல்லாம் ஒரே அளவு. இத்தனை வருடத்தில் என் மாணவர் எவருக்கும் இப்படி வந்ததில்லை. எனக்கே வந்ததில்லை.

“ரொம்ப அற்புதம்மா,” என்று அனுப்பினேன். “கட்டைவிரலின் சத்தமே தெரியவில்லை.”

அதற்கு அவர் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். சத்தம் ஏன் தெரியவில்லை என்று இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

இடையில் ஒருநாள் விடுப்பு கிடைத்து வந்தார். வலது கைதான் ஒலிப்பதிவில் அப்படி இருக்கிறதே, அதைப் பார்த்து நேரத்தை வீணாக்குவானேன் என்று இடது கையை மட்டும் வாசிக்கச் சொன்னேன். எல்லோருக்கும் இடதுதான் பலவீனம். அதில் கட்டைவிரல், நடுவிரல் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. திருப்தியாக அனுப்பிவைத்தேன். நம்பிய கையைப் பார்க்காமல் விட்ட ஆசிரியர் நான்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏற்றுமதி முடிந்து எஸ்தர் வந்தார். குரோமாட்டிக்குக்காக முதன்முறையாக வலது கையை என் கண்ணெதிரே பியானோமேல் வைத்தார். வாசித்தார்.

சத்தம் அதேதான், மணி மாலை. ஆனால் கை! சுண்டு விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போயின. மழைக்குப் பயந்து வளைக்கு ஓடும் நண்டு பார்த்திருக்கிறீர்களா? அது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, இந்த ஓட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கூடவே போய்வந்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க. இது என்னம்மா?”

“குரோமாட்டிக் சார்.”

“அது தெரியுது. கை என்ன பண்ணுது?”

“நீங்க அனுப்புனதத்தான் பண்ணுது. ஒண்ணு, மூணு, ஒண்ணு, மூணு.”

“ஒண்ணு காட்டுங்க.”

சுண்டு விரலை நீட்டினார்.

“ரெண்டு?”

மோதிர விரல்.

“மூணு?”

நடுவிரல். அதுதான் கொடுமை. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்று மட்டும் மூன்றாகவே இருக்கும்.

“அப்ப இது என்ன?” என்று என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

“இதுவா? இது எண்ற வெரல் சார்,” என்றார் எஸ்தர், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து. “இதால மத்த வெரலத் தொட்டுத்தான எண்றோம்? இதையே எப்படி எண்றது? எங்க லைன்ல முப்பது பேர் தைக்கறாங்க. நான் என்னையும் சேத்து முப்பத்தொண்ணுன்னா எழுதுவேன்? சூபர்வைசர் தைக்க மாட்டாங்க சார்.”

“பியானோவுல சூபர்வைசரும் தைக்கணும்மா!”

“அத நீங்க சொல்லல. தாளம் போட்டாலும் தட்டிட்டு சுண்டு வெரல்லதான ஆரம்பிக்கறோம்?”

“அப்ப எடது கை மட்டும் எப்படிச் சரியா வாசிச்சீங்க?”

“எடது கை துணி புடிக்கற கை சார். அது எண்ணாது. அதுக்கு உங்க புத்தகத்துல படம் இருந்துச்சு, கட்டை வெரல்ல ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. வலது கைப் படம் இருக்கற பக்கம் இல்ல. யாரோ கிழிச்சிட்டாங்க.”

“எடதுக்குக் கட்டைவிரல் ஒண்ணுன்னா, வலதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணலையா?”

“ஏன் தோணணும்? ரெண்டு கையையும் கட்டை மேல வைங்க.” வைத்தேன். “வலது ஓரத்துலேர்ந்து வாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அப்புறம் எண்ற வெரல். அடுத்த கை, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வரிசையா வருதா இல்லையா?”

வந்தது. அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடினேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் நான் பள்ளியில் படித்து, பட்டம் வாங்கி, ‘தம்ப்’ வாங்கி வளர்ந்தவன். கண்ணெதிரே ஒரு கை இப்படி நண்டாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாற்றுங்கள் என்றேன்.

“ஒரு வாரந்தான சார் இருக்கு?”

“ஒரு வாரம் இருக்கே!”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் போய் அப்படியே செய்தார். சொன்னதைச் செய்கிறவர். அதுதானே இத்தனைக்கும் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அவர் வாசிப்பதைக் கேட்கப் பொம்மனஹள்ளிக்குப் போனோம். சபை நிறைந்திருந்தது. பதினான்கு மின்விசிறி, இரண்டு ஓடவில்லை. முன்னால் ஒரு பக்கம் துணி போர்த்திய பியானோ. இன்னொரு பக்கம் பழைய கீபோர்டில் எஸ்தர். முதல் வரிசையில் டேனியல். அவரை எனக்குக் காட்டிக்கொடுத்தவர், அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. “அவர்தான்,” என்று விரலாலேயே சொன்னார். சபைக்கே விஷயம் தெரிந்திருந்தது.

இன்னொரு விவரம். குரோமாட்டிக் பழகியதிலிருந்து எஸ்தர் அதைப் பாட்டில் செருக ஆரம்பித்திருந்தார். கடைசிச் சரணத்துக்கு முன் கீழேயிருந்து மேலே சரசரவென்று ஒரு ஓட்டம். சபைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அந்த இடம் வந்தால் குழந்தைகள் எழுந்து நின்று பார்ப்பார்களாம். அன்றும் நின்றார்கள்.

ஓட்டம் ஆரம்பித்தது. ஐந்தாவது சுரத்தில் கட்டைவிரல் தட்டியது. ‘தம்ப்.’ எஸ்தர் கையைப் பார்த்தார். பார்த்ததும் போயிற்று. பழைய பழக்கத்தில் சுண்டு விரல் கிளம்பியது, கட்டைவிரல் வழிமறித்தது. இரண்டும் முட்டிக்கொண்டு நின்று, மறுபடி கிளம்பி, போய்ச் சேர்ந்தபோது ஓட்டம் நான்கு கட்டைக்குப் பதில் நாலரைக் கட்டையில் போய் உட்கார்ந்தது. சபை என்ன செய்யும்? கொடுத்த சுருதியில் பிடித்துக்கொண்டது. கடைசிச் சரணம் அந்தப் பாட்டில் உச்சத்துக்குப் போகும் சரணம். பெண்கள் பக்கம் பிரஷர் குக்கர் விசில்போல ஒரு குரல் எழுந்தது. ஆண்கள் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். போதகர் நெற்றியில் கைவைத்தார். டேனியல் மின்விசிறிகளை எண்ணத் தொடங்கியதுபோல மேலே பார்த்தார்.

நான் எஸ்தரின் தடுமாற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மடியில் கை. ஐந்து, ஆறு. ஏழாவது வரும்போது என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

“என்னங்க, இங்கயும் எண்றீங்களா?”

குனிந்து பார்த்தேன். என் வலது கட்டைவிரல், விரல் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. சுண்டு விரலில் மூன்று முடித்து, மோதிர விரலில் மூன்று முடித்து, நடுவிரலின் அடிக்கணுவில் நின்றது. நான் கட்டைவிரலை எண்ணவில்லை. எண்ணியதே இல்லை. கல்யாண விளக்கு, ‘ஆகையால்’, எல்லாவற்றையும் இதே விரலால்தான் எண்ணியிருக்கிறேன், சுண்டு விரலில் தொடங்கி. பியானோமுன் உட்கார்ந்தால் மட்டும் எனக்கு வேறு கை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எஸ்தர் நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கட்டை வெரல நீங்களே வச்சுக்குங்க. இருவத்தஞ்சு வருஷமா இந்த ஜனங்க என்னை நம்பிப் பாடறாங்க, ஒரு நாள் கூட இப்படி நடுவுல விட்டதில்ல. நான் தேர்வுக்கு வரல. டேனியல் தம்பியே உக்காரட்டும்.”

பக்கத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் காது கொடுத்தார்கள்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். தேர்வு மூன்று நாளில். மாணவரிடம் ஒரு தப்பான வழி ஓடுகிறது. உங்களிடம் ஒரு சரியான வழி நொண்டுகிறது. புத்தகம் உங்கள் பக்கம். என் தலைக்குள் கட்லெட் அம்மையார் எண்ணெய்ச் சட்டியோடு வந்து நின்றார். அவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் என் கையைப் பார்த்ததே இல்லை. சமையலறையிலிருந்து கேட்டார், அவ்வளவுதான்.

“பழைய கையோடயே வாங்கம்மா,” என்றேன்.

“தப்புன்னு சொன்னீங்க?”

“தப்புதான். ஆனா அந்தத் தப்பு சமமா ஓடுது. தேர்வுல அவங்க கேக்கறது சத்தம். மத்தபடி எவனாவது கையப் பாத்துக் கேட்டா, சார் சொல்லிக்குடுத்தார்னு சொல்லிடுங்க.”

“நிஜமா சொல்லலாமா?”

“என் பேரைச் சொல்லுங்க. ஓய்வு பெறப்போறவன், என்னை என்ன பண்ணிடுவாங்க.”

 அவர் போய் டீ எடுத்துவந்து கொடுத்தார். சர்க்கரை அதிகம். புகார் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவருடைய நண்டை நானே வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் மோதிர விரல் இரண்டு கறுப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “கதவுல நசுக்கிட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

தேர்வு நாளன்று அறைக்கு வெளியே நடைவழியில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கதவு மூடியிருந்தாலும் சத்தம் கேட்டது. மூன்று துண்டுகளும் நன்றாகப் போயின. பிறகு ஸ்கேல்கள். பிறகு ஒரு சின்ன இடைவெளி, பரீட்சகரின் குரல், அதன்பின் அந்த ஓட்டம். வலது கை. ஏறியது, இறங்கியது. மணி மாலை. மூச்சு விட்டேன்.

பரீட்சகர் ஏதோ சொன்னார். மறுபடி அதே ஓட்டம்.

மறுபடி ஏன்? ஒருமுறை சரியாக வாசித்ததை யாரும் மறுபடி கேட்பதில்லை. கையைப் பார்த்துவிட்டார். பேச்சுக்குரல். எஸ்தரின் குரல், நிறைய வார்த்தை. மூன்றாவது முறையாக அந்த ஓட்டம், இந்தத் தடவை மெதுவாக. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. என் ஓய்வைப் பற்றி யோசித்தேன். இன்னும் முன்னாலேயே பெற்றிருக்கலாம்.

கதவு திறந்தது. எஸ்தர் புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டே வந்தார்.

“என்னம்மா ஆச்சு? ஏன் மூணு தரம்?”

“முதல் தரம் தேர்வுக்கு சார். அப்புறம் பேனாவக் கீழ வச்சிட்டு, ஒன்ஸ் மோர் ப்ளீஸ்ன்னாரு. வாசிச்சேன். எழுந்து பக்கத்துல வந்து, எந்த வெரல்ல ஆரம்பிக்கறீங்கன்னு கேட்டாரு. ஒண்ணுன்னேன். ‘ஷோ மீ ஒன்’ன்னாரு. காட்டுனேன்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் என் சுண்டு வெரலப் பாத்தாரு. என் சாருக்கு எல்லாம் தெரியும்னேன். ஸ்லோவா ஒரு தரம் வாசிக்கச் சொல்லிட்டு, போய் உக்காந்து மேஜை மேல தன் கைய வச்சு வாசிச்சுப் பாத்தாரு.” எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாவம் சார். அவருக்கு வரல.”

தேறிவிட்டார். ஸ்கேலுக்கான மதிப்பெண் முழுமைக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்று எந்த விரலுக்காகப் போனது என்று நானும் எஸ்தரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கமிட்டி துணியை எடுத்தது. செயலாளர் சாவியைக் கொடுத்தார். சபை இப்போது கடைசிச் சரணத்தை நான்கு கட்டையில், மனிதர்கள் பாடக்கூடிய உயரத்தில் பாடுகிறது. சரசர ஓட்டமும் உண்டு.

நான் சொன்னபடியே ஓய்வு பெற்றேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. நிம்மதியாகப் புகார் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. திறந்தால் டேனியல், கையில் ஒரு டப்பா மைசூர்பாகோடு.

“எஸ்தர் அக்கா அனுப்புனாங்க சார். எனக்கு மூணாம் கிரேடு சொல்லிக்குடுக்கணும்.”

“நான் ரிடையர் ஆயிட்டேனே.”

“அப்படிச் சொல்வீங்க, கேக்காதன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ஓவர்டைம் வர்ற ஞாயித்துக்கிழமை யாராவது வாசிக்கணும். நான் உக்காரலாம்னு பாத்தா சாவி அவங்ககிட்ட. கிரேடு இல்லாம தரமாட்டாங்களாம். கமிட்டி தீர்மானத்தையே என்கிட்ட படிச்சுக் காட்டறாங்க சார்.”

வேறு வழி இல்லை. உள்ளே வரச்சொல்லிப் பியானோவைத் திறந்தேன். இந்தத் தடவை பேனாவையும் எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. முதலில் கேட்கவேண்டியதை முதலிலேயே கேட்டேன். நீங்களும் இனி இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

“தம்பி, ஒண்ணு காட்டுங்க.”

ஆள்காட்டி விரலை நிமிர்த்தினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். “சரி, மூணு?”

ஆள்காட்டி, நடு, மோதிரம் மூன்றையும் சேர்த்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.